தோல் பையில் வந்த லென்ஸ்

அன்புள்ள தம்பி,

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். நீ ஆபீசில் டீ குடிக்கிற நேரத்தில் படித்துவிட்டு, "சரிம்மா, விடு" என்று ஒரு வரி போட்டிருப்பாய், கதை அதோடு முடிந்திருக்கும். அப்படி முடியக்கூடாது என்றுதான் நம் குடும்பக் குரூப்பில் போடுகிறேன். உன் பெரியப்பா தினமும் காலையில் பூப்படம் போடுகிற அதே இடம். சுகன்யாவின் மறுவீட்டு விருந்தில் பெற்ற மகனான உன்னை நான் பேசியது அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நடுவில். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வது மட்டும் காதோடு காதாக நடந்தால் நியாயமாக இருக்காது. பெரியப்பா படிக்காமலே கட்டைவிரல் போடுவார், அவர் எதற்கும் போடுவார். மற்றவர்கள் தயவு செய்து கடைசி வரை படியுங்கள்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் எனக்குத் தைரியம் போய்விட்டாலும் இது நிற்கட்டும். கல்யாணப் போட்டோக்கள் கெட்டதற்குக் காரணம் உன் கையும் இல்லை, கண்ணும் இல்லை. கெட்டிருந்தது லென்ஸ். அதைத்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் நான் எங்கெங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும், எங்கே திறந்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். இதை எழுதும்போதே எனக்கு முகம் சுடுகிறது.

என் வேலை உனக்குத் தெரியும், குரூப்பில் இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தோல் செக்கிங். வெட்டி வருகிற ஒவ்வொரு துண்டையும் தையலுக்குப் போகும் முன் மேசையில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, நரம்பு ஓடிய தடம், எது கண்ணில் பட்டாலும் அதற்கு நேராகச் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவேன். அம்பு ஒட்டிய துண்டு திரும்பிப் போய்விடும். "அந்தக்கா டேபிளுக்குப் போனா பாதி ரிட்டன்தான்" என்று லைனில் பேசிக்கொள்வார்கள். காதில் விழும், விழாத மாதிரி இருப்பேன், உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன். ஏற்றுமதி ஆகிற ஒரு ஷூவைக் கூட என்னைக் கேட்காமல் அனுப்ப முடியாது என்கிற தலைக்கனம் அது.

அந்த ஸ்டிக்கர் தாள் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். வேலையை வேலையோடு விட்டுவிட்டு வருகிற புத்தி எனக்கு இல்லை. உன் மார்க் ஷீட்டில் கணக்குப் பாடத்துக்கு நேராக ஒட்டியிருக்கிறேன். நீயே இஸ்திரி போட்ட சட்டையின் காலரில் ஒட்டியிருக்கிறேன். நீ போனில் எடுத்து, வேலூரில் முதன்முதலாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்த படம் ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பா தான் ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸில் சாய்ந்து நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பார். அவர் தலைக்குப் பின்னால் கரண்ட் கம்பம் ஒன்று கொம்பு முளைத்த மாதிரி நிற்கும். நான் வேறு எதையும் பார்க்கவில்லை, கம்பத்துக்கு நேராக ஒரு அம்பை ஒட்டி உன்னிடம் திருப்பிக் கொடுத்தேன். நீ சிரித்தாய். அப்புறம் அந்தப் படத்தை நான் வீட்டில் பார்க்கவே இல்லை.

கூட வேலை செய்தவரிடம் நீ பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தபோது அதில் லென்ஸ் கிடையாது. வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த அதைப் பார்த்து, "இன்னாடா இது, மூஞ்சி இல்லாம வாங்கியாந்திருக்க" என்று கிண்டல் செய்தேன். அப்போதுதான் என் அக்கா, உன் பெரியம்மா, தன் மகள் சுகன்யா கல்யாணத்துக்கு உன்னையே போட்டோ எடுக்கச் சொன்னாள். "வீடியோவுக்கு ஆள் சொல்லிட்டோம். போட்டோவுக்கு எதுக்கு வெளியாளு? நம்ம புள்ளைக்கு ஒரு ஆரம்பமா இருக்கட்டும்." நீ அன்றைக்குச் சந்தோஷத்தில் நம் ஊர் மாதனூர் முழுக்கச் சைக்கிளில் சுற்றிவிட்டு வந்தாய். தோல் பதனிடுகிற டேனரி ஆபீசில் கணக்கு எழுதுகிற வேலையை விட்டுவிட்டுக் காதுகுத்து, பிறந்தநாள் என்று சின்ன விசேஷங்களாக எடுக்கலாம், இந்தக் கல்யாணம் நன்றாக அமைந்தால் நாலு பேர் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாய். உன் எதிர்காலம் முழுவதும் அந்த ஒரு கல்யாணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கும் நன்றாகத் தெரியும்.

லென்ஸ் வாங்க நாம் இருவரும் வேலூருக்குப் பஸ் ஏறினோம். நானும் வருகிறேன் என்று அடம்பிடித்தது நான்தான். என் பிள்ளையை எவனும் ஏமாற்றிவிடக்கூடாது இல்லையா. வழியெல்லாம் நீ கைகளை விரித்தும் சுருக்கியும் எனக்குப் பாடம் நடத்தினாய். நம்பர் சின்னதாக இருந்தால் நிறையப் பேர் படத்துக்குள் வருவார்கள், பெரிதாக இருந்தால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும் என்றாய். "பதினெட்டுல மேடை முழுக்க வரும்மா. நூத்தி முப்பத்தஞ்சுல கீழ நின்னுகினே தாலி முடிச்சு வரைக்கும் எடுத்துடலாம். ரெண்டும் ஒரே லென்ஸ்ல. மாத்தி மாத்தி மாட்ற வேலையே இல்ல."

"அந்த அம்பது நம்பரு வெல கம்மி, இருட்டுல கூட நல்லா எடுக்கும்னு சொன்னியே. அதையே வாங்கிக்கினா இன்னா?"

"அது முன்ன பின்ன நவுராதும்மா. ஆள் முழுசா வரணும்னா நம்மதான் பின்னால போவணும். நம்ம வூட்ல பின்னால போனா செவுரு இடிக்கும்."

"அப்போ முந்நூறு வரைக்கும் போவுதே, அது?"

"கனம் ஜாஸ்தி, வெல ஜாஸ்தி, உள்ள வர்ற வெளிச்சம் கம்மி. முதல் லென்ஸுக்கு நடுவுல இருக்கிறதுதாம்மா சரி. புதுசு நமக்கு எட்டாது. பழசுல சுத்தமா ஒண்ணு கெடச்சா போதும்."

எவ்வளவு தெளிவாக யோசித்து வைத்திருந்தாய் என்று இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. அன்றைக்கு நான் தலையை ஆட்டினேனே தவிர, காதில் பாதிதான் வாங்கினேன். நீ என்ன எடுக்கப்போகிறாய் என்று நீ யோசித்துக்கொண்டு வந்தாய். பொருளில் எங்கே பழுது இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

வேலூரில் பழைய கேமரா வாங்கி விற்கிற பாய், நீ கேட்ட லென்ஸையே எடுத்துத் துணிமேல் வைத்தார். உடம்பில் பெயின்ட் தேய்ந்திருந்தது. முன் கண்ணாடியின் ஓரத்தில் நகம் பட்ட மாதிரி ஒரு கீறல். நீ அதைக் கேமராவில் மாட்டித் தெருவை எடுத்தாய், கடை டியூப் லைட்டுக்கு நேராகவே பிடித்து எடுத்தாய், திரையில் பெரிதாக்கிப் பார்த்தாய். உன் முகம் மலர்ந்துவிட்டது. பாய் சொன்னார்: "அம்மா, இந்தக் கீறல் படத்துல வராது. அதுக்காகத்தான் வெலைய கொறச்சி சொல்றேன். மேல இருக்கிறது ஒண்ணுமில்ல, உள்ளதான் சுத்தமா இருக்கணும். பாருங்க." லென்ஸின் பின்பக்கம் செல்போன் டார்ச்சைப் போட்டு என் பக்கம் நீட்டினார். நான் குனிந்து கூடப் பார்க்கவில்லை. "பாய், நான் இருவது வருஷமா செக்கிங்ல கீறேன். கீறல் இருக்கிற பீஸ பாஸ் பண்ணுன்னு என்கிட்டயேவா சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, கைப்பையைத் திறந்து ஒரு அம்பை எடுத்து, அந்தக் கீறலுக்கு நேராக லென்ஸின் கழுத்தில் ஒட்டினேன்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கெட்டிக்காரி என்று சிரிக்கிறார்கள் என நினைத்துக்கொண்டேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "மா, இது போதும்மா" என்றாய். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாய் கோபப்படவே இல்லை. நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, "பரவால்லமா, வேற எடத்துலயும் பாருங்க. எங்க வாங்கினாலும் வெளிச்சத்துல புடிச்சி உள்ள பாத்து வாங்குங்க" என்று உன்னிடம் சொன்னார்.

அடுத்த வாரம் காட்பாடியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டுக்குப் போனோம். போனில் விளம்பரம் பார்த்தது நீ. அவருடைய தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம், இரண்டு விசேஷத்துக்கு எடுத்துவிட்டு வருஷக்கணக்கில் பீரோவில் வைத்திருந்தாராம். நல்ல மனுஷர், தெரிந்து ஏமாற்றவில்லை. லென்ஸை ஒரு தோல் பையோடு கொடுத்தார். அங்கேதான் நான் விழுந்தேன். தம்பி, நான் அந்த லென்ஸைச் சரியாகப் பார்க்கவே இல்லை, பையைப் பார்த்தேன். அசல் மேல்தோல். மடித்துப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. ஓரத்தை உருட்டிப் பார்த்தேன், ஒரு தையல் தப்பவில்லை. இப்படி ஒரு பையில் வைத்திருக்கிறவன் பொருளை எப்படி வைத்திருப்பான் என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன். பிறகு லென்ஸை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் தோலைச் சாய்க்கிற மாதிரி சாய்த்துப் பார்த்தேன். முன் கண்ணாடியில் ஒரு கோடு இல்லை, தூசி இல்லை.

நீ போனை எடுத்து, "உள்ள ஒரு தடவ லைட் அடிச்சி பாத்துடறேம்மா" என்றாய். "பெரியவர் வூட்ல வந்து சந்தேகப்பட்டுகினு நிக்காதடா" என்று உன் கையைத் தட்டிவிட்டேன். வளையம் இறுக்கமாகச் சுற்றுகிறது என்றாய். புதுசு மாதிரி இருக்கிறது, அதனால் டைட்டு என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீ எடுத்த ஒரு படம் நன்றாகத்தான் வந்தது. வாங்கிவிட்டோம்.

தோலை மேலே பார்ப்போம், திருப்பி அடியில் பார்ப்போம், இழுத்துப் பார்ப்போம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஊடே பார்க்கிற வேலை எங்களுக்குக் கிடையாது. லென்ஸ் என்பது ஊடே பார்ப்பதற்காகவே செய்த பொருள். இந்தச் சாதாரண விஷயம் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பாய் சொன்னார், நீயும் சொன்னாய், அப்படியும் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை ரிசப்ஷன். பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் வரிசையாக விளக்குகள், எல்லாம் கீழே நிற்கிறவர்கள் கண்ணைப் பார்த்து எரிந்தன. நீ மத்தியானமே மண்டபத்துக்குப் போய் அந்த விளக்குகளைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாய், விளக்குக்காரன் முடியாது என்றுவிட்டான். கொஞ்ச நேரத்தில் நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாய். "மா, படம்லாம் வெள்ளையா வருதும்மா. லென்ஸ்ல என்னமோ கீது." நான் மொய் கவரோடு நின்றுகொண்டிருந்தேன். "லென்ஸ் நான் பாத்து வாங்கனது. நீ ஒழுங்கா செட்டிங் வெச்சி எடு. பேஜார் பண்ணாத" என்று அனுப்பிவிட்டேன். நீ போனாய். எதையெதையோ மாற்றி மாற்றிப் போட்டு எடுத்தாய். மறுநாள் முகூர்த்தமும் அதே மேடை, அதே விளக்குகள். இரண்டு நாளும் நீ பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பதைப் பெரியம்மா கவனித்திருக்கிறாள், பெற்றவள் கவனிக்கவில்லை.

மறுவீட்டு விருந்து அன்று பெரியம்மா வீட்டு ஹாலில் எல்லாரும் சாப்பிட்டு முடித்து, பாயை விரித்து உட்கார்ந்து, டிவியில் படங்களைப் போட்டார்கள். ஒவ்வொன்றும் பாலில் நனைத்து எடுத்த மாதிரி. மாப்பிள்ளையின் அம்மா, "ஓமப் புகை ஜாஸ்தியோ?" என்று நல்ல மனசோடுதான் கேட்டார்கள். சுகன்யா எழுந்து உள்ளே போய்விட்டாள். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள், நீ என்னைப் பார்த்தாய். "அந்த லென்ஸு..." என்று ஆரம்பித்தாய். அடுத்த வார்த்தை வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லைக் கூடக் குறைக்கவில்லை. "லென்ஸ்ல ஒண்ணும் இல்ல. நான் பாத்து வாங்கனது. இவனுக்குக் கை நிக்காது. சின்ன வயசுலேர்ந்தே நடுங்கும். கண்ணும் சரியில்ல. இவனுக்கு எதுக்கு இந்த வேல?"

என் கண்ணுக்குத் தப்பி ஒரு பழுது போய்விட்டது என்று அத்தனை பேர் முன்னால் வெளியே வந்துவிடுமோ என்கிற பயம் எனக்கு. அதற்குப் பதிலாக உன் மேல் அம்பை ஒட்டிவிட்டேன். நீ டிவியில் செருகியிருந்த ஒயரைப் பிடுங்கி, கேமராவைப் பையில் போட்டு, ஜிப்பை மெதுவாக மூடினாய். நான் அதோடு நிறுத்தினேனா? மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் இதையே ஒரு சிரிப்புக் கதையாகச் சொன்னேன். உன் கை எப்படி ஆடும் என்று டம்ளரைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன்.

இன்னும் மோசமானது இனிமேல்தான் வருகிறது. அது உன் அப்பாவுக்கே இந்தக் குரூப்பில்தான் தெரியப்போகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல தை மாதத்து வெயில். வீட்டில் இருக்கிற பெல்ட், செருப்பு, பை என்று தோல் சாமான்களை எல்லாம் மொட்டை மாடியில் காயப்போட்டேன். அந்த லென்ஸ் பையையும் திறந்தேன். உள்ளிருந்து ஒரு வாசனை வந்தது. மழைக்காலத்தில் ஈரத்தோல் அடுக்கில் பூஞ்சை பிடித்தால் வருகிற அதே வாசனை. அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லென்ஸை எடுத்து, இரண்டு பக்க மூடியையும் கழற்றி, வானத்துக்கு நேராகப் பிடித்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அதன் ஊடே பார்த்தேன். உள் கண்ணாடியில் ஓரத்திலிருந்து நடுப்பக்கம் வரைக்கும் மெல்லிய வேர்கள் படர்ந்திருந்தன. வருஷக்கணக்காக அந்த அழகான தோல் பை ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு லென்ஸுக்கு ஊட்டியிருக்கிறது. ஷூ பெட்டி ஒவ்வொன்றிலும் ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம் போடாமல் கப்பலுக்கு அனுப்பமாட்டோம். அதை எண்ணிப் போடுகிற இடத்தில் வேலை செய்கிறவள் நான்.

நீ அப்போது கீழே இருந்தாய். கேமராவை விட்டுவிட்டு வேலைக்குச் சேரப்போகிற பெங்களூர் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய சர்டிபிகேட்டுகளைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் இறங்கி வந்து சொல்லியிருக்கலாம். மூடியைத் திருகி, லென்ஸைப் பையில் போட்டு, பீரோவில் வைத்துவிட்டு, உனக்குச் சோறு போட்டேன். ரசம் வேண்டுமா என்று கேட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல சமாதானங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கல்யாணம் முடிந்துவிட்டது, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றுகூட. ஒன்றும் நிற்கவில்லை. உண்மை ரொம்பச் சின்னது. மாதம் பிறந்தால் சம்பளம், பிஎஃப், கழுத்தில் அடையாள அட்டை என்று நீ போவது எனக்குப் பிடித்திருந்தது. நீ கேமராவை விட்டது எனக்கு வசதியாக இருந்தது. லென்ஸ்தான் கெட்டது என்று தெரிந்தால் நீ மறுபடி ஆரம்பித்துவிடுவாய். இதைவிட அசிங்கமாக எதையும் நான் எழுதியதில்லை.

நீ பெங்களூருக்குக் கிளம்பிய அன்று, ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது கேட்டாய். பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விளையாட்டாகக் கேட்கிற மாதிரி. "மா, நெஜமாவே எனக்கு சின்ன வயசுல கை நடுங்குமா?" அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். நான், "நேரமாச்சு, உள்ள போய் உக்காரு" என்றேன். நீ உள்ளே போய் உட்கார்ந்தாய். இப்போது உன் ரூம் பையன்கள் குரூப் போட்டோவுக்குப் போனை நீட்டினால், "எனக்குக் கை நிக்காது, நீயே எடு" என்று ஒதுங்கிவிடுவாயாம். நீயே போனில் சிரித்துக்கொண்டு சொன்னாய். சிரித்ததால் அது உனக்கு வலிக்கவில்லை என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன மாதம் நீ, "கேமராவ யாருக்காவது வித்துடும்மா, தூசி ஏறும்" என்றாய். தையல் லைனில் இருக்கிற ரேவதிக்குப் போட்டோ ஆசை, அக்கா குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வருகிறது. டீ நேரத்தில் என் மேசைக்கு வந்தாள். "அக்கா, எனக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாது. லென்ஸு நல்லா இருக்கா? நீங்க சொன்னா வாங்கிக்கிறேன்." நான் யோசிக்கவே இல்லை. "லென்ஸு வேணாம்மா. உள்ள பூஞ்ச. லைட்டுக்கு எதுர எடுத்தா எல்லாம் வெளுத்துப்போவும். அத யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றேன். பழுது இருக்கிற பொருளைப் பாஸ் பண்ண என் வாய் வராது பார்.

நான் டம்ளரை ஆட்டிக் காட்டிய அன்றைக்கு ரேவதியும் உட்கார்ந்து சிரித்தவள்தான். "அப்போ அந்தக் கல்யாணப் போட்டோ கெட்டது அதாலயாக்கா? தம்பிக்குத் தெரியுமா?"

யாரோ பெற்ற பிள்ளைக்கு நான் நின்ற இடத்தில் சொன்ன உண்மையை, பத்து மாதம் சுமந்து பெற்ற உனக்கு இத்தனை நாளாகச் சொல்லவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் நின்றேன். அங்கே அழுதேன் என்று எழுதி உன்னிடம் பரிதாபம் வாங்கப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். சூப்பர்வைசர் வந்து கூப்பிடும் வரை வெளியே வர முகம் இல்லை.

அந்த ஞாயிறு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். படங்களை மறுபடி டிவியில் போடச் சொன்னேன். கிட்டே போய் நின்று, முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். கை நடுங்கினால் படம் கலங்கும், வெளுக்காது. இது தெரியாமல்தான் அத்தனை பேச்சும் பேசியிருக்கிறேன். அந்த வெளுப்புக்கு அடியில் சுகன்யாவின் புடவை ஓரத்து ஜரிகை இழை இழையாகத் தெரிகிறது. தாலி கட்டும்போது அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. அவளுடைய அப்பா எல்லாரும் மேடையைப் பார்க்கும்போது திரும்பித் துண்டால் கண்ணைத் துடைப்பதை நீ பிடித்திருக்கிறாய். வீடியோக்காரருக்கு அது கிடைக்கவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள், "போட்டோ போனா போவுதுடி. அத நான் அன்னிக்கே விட்டுட்டேன். அந்தப் புள்ள ரெண்டு நாளா பட்டினி கெடந்து எடுத்துட்டு, நீ பேசும்போது உன்ன ஒரு வார்த்த திருப்பிச் சொல்லாம ஜிப்ப மூடினான் பாரு, அதான் எனக்கு தொண்டைலயே நிக்குது" என்றாள்.

வேலூருக்கும் போனேன். பாய் என்னை உடனே கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கடையில் எனக்கு அம்பு அம்மா என்று பெயராம். அந்தக் கீறல் லென்ஸை நாம் போன அன்றைக்கே யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். நம் லென்ஸை டார்ச் போட்டுப் பார்த்துவிட்டு, பிரித்துத் துடைக்கலாம், ஆனால் பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சைத் தின்றிருந்தால் தடம் போகாது, அதற்குச் செலவழிப்பதைவிட வேறு வாங்கலாம் என்றார். மன்னிப்புக் கேட்டேன். "தம்பி இன்னும் எடுக்கிறாரா?" என்று மட்டும் கேட்டார். அவர் வரவழைத்த டீயை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

குரூப்பில் யாராவது முதல் லென்ஸ் பழசாக வாங்கப் போனால், என்னை மாதிரி ஆளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் கேமராவில் அது உட்காருமா என்று முதலில் மாட்டிப் பாருங்கள். பின்னாலிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், முன்னாலிருந்தும் பாருங்கள். வேர் மாதிரியோ பனி மாதிரியோ எது தெரிந்தாலும் வேண்டாம். முன் கண்ணாடியில் சின்னக் கீறல் இருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள், பயந்து ஓடாதீர்கள். வளையம் சீராகச் சுற்றவேண்டும், கீழே சாய்த்தால் தானாக நீண்டு வரக்கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே ஒரு படம் கட்டாயம் எடுத்துப் பாருங்கள். வாங்கியதைத் தோல் பையில் வைக்காதீர்கள், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலம் வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள். இதில் எனக்குத் தெரிந்தது எல்லாம் என் பிள்ளை பஸ்ஸில் சொன்னதும், பாய் சொல்லி நான் கேட்காததும்தான்.

தம்பி, உனக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மறுபடியும் நான் தேர்ந்தெடுத்ததாக ஆகிவிடும். பூஞ்சை பிடித்த லென்ஸை எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன், ரேவதிக்குக் கேமராவை இன்னும் கொடுக்கவில்லை, என் மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பெங்களூர் வேலை உனக்கு நிஜமாகவே பிடித்திருக்கலாம், கேமரா ஆசை தானாகவே போயிருக்கலாம். விற்கச் சொன்னால் விற்கிறேன், ஏன் என்று கேட்கமாட்டேன். ஆனால் கை நிற்காது என்று நினைத்து மட்டும் விற்கச் சொல்லாதே.

ரிசப்ஷன் அன்று மொய் வைத்துவிட்டு நான் முன் வரிசை நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். மேடையைப் பார்க்கவில்லை. தப்பு எங்கே வரும் என்று உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், என் வழக்கம் அது. முட்டியை மடக்கி, முழங்கையை விலாவில் இடுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நீ எடுத்தாய். கூட்டம் இடித்தது, ஒரு குழந்தை உன் காலைப் பிடித்து இழுத்தது, அப்போதும் கை அசையவில்லை. என் கண்ணுக்கு ஒரு பழுதும் கிடைக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஹாலில் அப்படிச் சொன்னேன். உனக்குக் கை நடுங்காது. சின்ன வயதிலும் நடுங்கியதில்லை. நான் பொய் சொன்னேன்.

அம்மா